முதலைக்கு வச்ச முதல் பிடி

காணும் பொங்கலன்னைக்கு எங்க கீழ்த்துறையில ஒரு ஆள் வீட்டுல இருக்கான்னா, ஒண்ணு அவன் படுத்த படுக்கையா இருக்கணும், இல்லன்னா எங்க குடும்பத்து ஆளா இருக்கணும். மத்த எல்லாரும் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு, புதுத்துணி போட்டுக்கிட்டு, பிள்ளைங்கள இடுப்புல ஒண்ணும் கையில ஒண்ணுமா பிடிச்சுக்கிட்டு செத்த காலேஜுக்குப் போயிடுவாங்க. செத்த காலேஜுன்னா நகராட்சி மியூசியம். பாடம் பண்ணின கரடி, இறக்கை உதிர்ந்த கழுகு, பாட்டில்ல மிதக்கிற பாம்பு, கூரையில தொங்குற திமிங்கல எலும்பு, இப்படி எல்லாம் செத்ததுங்கதான் அங்க இருக்கும், அதனால அந்தப் பேரு. கடைசி அறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பன்னெண்டு அடி முதலை ஒண்ணு கிடக்கும். நாங்க போகாததுக்கு அதுதான் காரணம். அந்த முதலை எங்க அக்கா செங்கமலத்தத் தின்னுடுச்சுன்னு ஊரே சொல்லும். அது தின்னலன்னு எனக்குத் தெரியும்.

என் பேரு வடிவு. அக்கா போனப்ப எனக்குப் பதினோரு வயசு, அவளுக்குப் பத்தொன்பது. கொள்ளிடக் கரையில இருக்கிற கனகசபையோட அரிசி மில்லுல, களத்துல நெல்லு காயப்போடுற வேலை அவளுக்கு. ஒருநாள் காலையில கிளம்புறப்ப, நெல்லு கிளறையில வளையல் உடையுதுடின்னு சொல்லி, கையில கிடந்த மூணு பச்சைக் கண்ணாடி வளையலையும் கழட்டி என் கையில மாட்டிவிட்டுட்டுப் போனா. சாயங்காலம் வரல. மறுநாள் அவ செருப்பு ஆத்துத் தண்ணியோரமாக் கிடந்துச்சு. முதலை இழுத்துட்டுப் போயிருச்சுன்னு முதல்ல சொன்னதே கனகசபைதான். நாலு நாள் கழிச்சு, மணல் திட்டுல தேமேன்னு வெயில் காய்ஞ்சுக்கிட்டுக் கிடந்த ஒரு முதலையை அவரே சுட்டு, வயித்தக் கிழிச்சு, உள்ளேருந்து எடுத்ததுன்னு மூணு வளையலை ஊர் முன்னாடி தூக்கிக் காட்டினாரு. மூணும் சிவப்பு. இது எங்க அக்காளோடது இல்லன்னு நான் பச்சை வளையல் போட்ட கையத் தூக்கிக்கிட்டுக் கத்தினேன். எங்க அப்பா என் கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டாரு. பயத்துல விட்டாரு, பாவம், அவரும் அந்த மில்லுல மூட்டை தூக்கினவர்தான். அந்த அறைக்காக அப்பாவ நான் ஒருநாளும் திட்டினதில்ல. கனகசபையத்தான் தெனமும் திட்டினேன், பல் விளக்கையில ஒரு தடவை, விளக்கு வைக்கையில ஒரு தடவை, இருபத்தி ரெண்டு வருஷம்.

எங்க சனத்துல ஒரு வழக்கம் உண்டு. பொணம் கிடைக்காமப் போனவங்களுக்குக் காரியம் கிடையாது, திதி கிடையாது, படையல் கிடையாது. அதனால வீட்டுக்கு வெளியில எங்க கட்டுச்சோறு பிரிச்சாலும் முதல் பிடி அவங்களுக்குன்னு எடுத்து ஒரு ஓரமா வச்சிடணும், அவங்க எந்த வழியில அலைஞ்சுக்கிட்டு இருக்காங்களோ, பசியோட போகக் கூடாதுல்ல. என் பிள்ளைங்களுக்கு நடக்கத் தெரியுறதுக்கு முன்னாடியே இது தெரியும். பெரியவ யாழினிக்கு ஏழு வயசு, சின்னவன் கபிலனுக்கு நாலு. முதல் பிடி பெரியம்மாவுக்குன்னு சொல்லாம ரெண்டும் வாயில வைக்காது.

அந்த வருஷம் யாழினி, எங்க வகுப்புல முதலை பாக்காதது நான் மட்டும்தான்னு மூணு நாள் அழுதா. சோறு திங்காம அழுதா. என் வீட்டுக்காரர் பன்னீர் லோடு ஆட்டோ ஓட்டுறவரு, அதிர்ந்து பேச மாட்டாரு. அவரே சொன்னாரு, "வடிவு, எத்தன நாளைக்கு ஒளிஞ்சு கிடக்கிறது. தப்பு பண்ணினவன் நடமாடுறான், நாம ஏன் கதவ சாத்திக்கிட்டு இருக்கணும்?" அது எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. காலையில எழுந்து புளிச்சோறு கிளறி, தூக்குவாளியில அடைச்சு, பிள்ளைங்களுக்குத் தலை சீவி, ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போனோம்.

கூட்டம்னா கூட்டம், திருவிழாக் கூட்டம். சாவியும் சீட்டும் வச்சிருக்கிற லூர்துசாமி அண்ணன் என்னப் பாத்ததும் எழுந்து நின்னுட்டாரு. "வா தங்கச்சி"ன்னாரு. கபிலன் ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் நின்னு இது தூங்குதான்னு கேட்டான். கரடி தூங்குதா, கழுகு தூங்குதா, பாட்டில் பாம்பு தண்ணியிலயே தூங்குதா. ஆமாடா, ஆமாடான்னு இழுத்துக்கிட்டே கடைசி அறைக்கு வந்தா, அங்க கனகசபை நிக்கிறாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில சந்தனம், ஒரு கையை முதலைப் பெட்டி மேல ஊனிக்கிட்டு. காணும் பொங்கலுக்குக் காணும் பொங்கல் அந்தாளு அங்க வந்து நின்னு, பிள்ளைங்கள உக்கார வச்சு, தான் எப்படிச் சுட்டேன்னு கதை சொல்லுவாருன்னு கேள்விப்பட்டிருக்கேன். நேர்ல பாத்தது அன்னைக்குத்தான்.

பெட்டியில ஒரு பலகை இருந்துச்சு. யாழினி அப்பத்தான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தா, கண்டதையும் படிப்பா. சத்தமாப் படிச்சா.

"ஆட்கொல்லி. கொள்ளிடக் கரையில் செங்கமலம் என்னும் இளம்பெண்ணைக் கொன்றது. கண்ணாடியைத் தட்டாதீர்கள். உணவு கொடுக்காதீர்கள்."

படிச்சிட்டு, "அம்மா, இது நம்ம பெரியம்மா பேரு"ன்னா. கனகசபை திரும்பி அவளப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, சிரிச்சாரு. "நம்ம செங்கமலத்தோட தங்கச்சி மகளா? வாம்மா, வா"ன்னு என் பிள்ளை தலையில கைய வச்சாரு. அந்தக் கைய அப்படியே வெட்டிப் போடணும் போல இருந்துச்சு எனக்கு. தூக்குவாளிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, யாழினிய இழுத்து என் பக்கம் நிறுத்தினேன், அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது.

அந்த நேரத்துல கபிலன் பண்ணினான் பாருங்க ஒரு வேலை. புளிச்சோறு வாசத்துக்கு அவனுக்குப் பசி எடுத்திருச்சு. தூக்குவாளியத் தானே திறந்தான், ஒரு பிடி அள்ளினான். முதல் பிடி பெரியம்மாவுக்கு. பெரியம்மா முதலை வயித்துக்குள்ள இருக்காங்கன்னு தெருப்பிள்ளைங்க சொல்லிச் சொல்லி அவன் மனசுல ஏறியிருக்கு. பெட்டிக் கதவோட தாழ்ப்பாள் புயல்ல போனதுலேருந்து சணல்கயிறு போட்டுத்தான் கட்டியிருந்தாங்க. அந்த இடுக்குல சின்னக் கைய நுழைச்சு, திறந்து கிடந்த முதலை வாய்க்குள்ள நாக்கு மேல சோத்த வச்சு, "சாப்பிடுங்க பெரியம்மா"ன்னான்.

முதலை வாயை மூடி மென்னுச்சு. முழுங்குச்சு. அப்புறம் மூக்கால சணல்கயிற தள்ளிவிட்டுட்டு, முன்னங்கால் ஒண்ணு, பின்னங்கால் ஒண்ணுன்னு நிதானமா எடுத்து வச்சு பெட்டியவிட்டு இறங்குச்சு. கூட்டம் விலகி வழிவிட்டுது. "இருபத்தி ரெண்டு வருஷம் ஒரே பக்கமாப் படுத்தது, கால் மரத்துத்தான் போயிருக்கும்"னு ஒரு அம்மா சொன்னாங்க. லூர்து அண்ணன் மட்டும், வெளியில போற பொருளுக்குக் கையெழுத்து வேணும், யாரு போடுறதுன்னு கேட்டுக்கிட்டே பின்னால ஓடினாரு. முதலை யாரையும் பாக்கல. கனகசபைக்கு ரெண்டு அடி பின்னால வந்து நின்னு, வாயத் திறந்துச்சு. அவரு நகர்ந்தாரு, அதுவும் நகர்ந்துச்சு. அவரு காருல ஏறிப் போயிட்டாரு. அது ரோட்டோரமா, போற வர வண்டிக்கு இடைஞ்சல் இல்லாம, நடந்தே போயி, சாயங்காலம் அவரு வீட்டு வாசல்ல படுத்துக்கிச்சு.

அன்னைக்குலேருந்து அந்தாளு எங்க போனாலும் அது பின்னாலயே போச்சு. கடிக்கல, சீறல, ஓடல. வாயத் திறந்து வச்சுக்கிட்டு நின்னுச்சு, அவ்வளவுதான். எங்க ஊரு எதையும் ஒரு வாரத்துல பழகிக்கும். டீக்கடைக்காரர் வெயில் ஏறினா ஒரு குடம் தண்ணிய அது முதுகுல ஊத்துவாரு. டவுன் பஸ் டிரைவருங்க அது ரோட்டக் கடக்கிற வரைக்கும் நிறுத்தி நிதானமாப் போவாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அது மேல புத்தகப்பையப் போட்டுட்டுக் கிட்டிப்புள் ஆடும். ஒரு கல்யாணத்துல கனகசபை பந்தியில உக்காந்தாரு, அது பக்கத்துல வந்து நிக்குது, பரிமாறுறவங்க மரியாதைக்கு அதுக்கும் ஒரு இலை போட்டுட்டாங்க. அது சாப்பிடல. வாயத் திறந்து அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவராலயும் சாப்பிட முடியல, பாயசம் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டாரு.

அவரு சும்மா இருப்பாரா? போலீசுக்குப் போனாரு. கடிக்காத முதலை மேல எந்தப் பிரிவுல வழக்குப் போடுறதுன்னு அவங்க கைய விரிச்சாங்க. வனத்துறைக்குப் போனாரு. உயிரோட இருந்தாத்தான் எங்களுது, பாடம் பண்ணினது நகராட்சியோடதுன்னு சொல்லிட்டாங்க. மறுபடியும் சுட்டுப் பாத்தாரு. விலா ஓட்டை வழியா வைக்கோல்தான் வந்துச்சு. லாரியில ஏத்திக் கொண்டுபோயி கொள்ளிடத்துல தள்ளினாரு. மறுநாள் மத்தியானம் நனைஞ்சு திரும்பி வந்துச்சு. நாலு நாள்ல வயித்துத் தையல் வழியா நெல்லு முளைச்சுக்கிட்டு வந்துச்சு, வைக்கோல்ல ஒட்டியிருந்த மணிங்க போல, பச்சைப் பசேல்னு. அதப் பாத்த அன்னைக்குத்தான் நான் கோணி ஊசியும் சாக்கு நூலும் எடுத்துக்கிட்டுப் போயி அவரு வாசல்லயே உக்காந்து, அவரு பாத்துக்கிட்டு இருக்கையில, அதோட கிழிசல் எல்லாத்தையும் தைச்சு விட்டேன். முளைச்ச பயிர மட்டும் விட்டுட்டேன். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, ஏன் மறைக்கணும்?

திறந்த வாய் முன்னாடி நின்னா யாருக்கும் உள்ள எட்டிப் பாக்கத் தோணும். ஊரே பாத்துச்சு. மாட்டு டாக்டரும் ஒருநாள் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, டீக்கடையில நானும் ஊராளுங்களும் நிக்கையில சொன்னாரு. "இதுக்கு முன்பல்லு பாதி கிடையாது. இப்ப விழுந்தது இல்ல, உயிரோட இருக்கையிலயே விழுந்து ஈறு மூடியிருக்கு. இது மீனும் தவளையும் முழுங்கின கிழடு. ஆளை இழுக்கிற வாய் இல்ல இது."

அப்புறம் ஒருத்தர், அப்ப அந்தப் பொண்ணு என்னதான் ஆச்சுன்னு கேட்டாரு. இருபத்தி ரெண்டு வருஷத்துல எங்க ஊரு கேட்ட முதல் கேள்வி அது. நான் வீட்டுக்கு ஓடினேன். அரிசிப் பானைக்குள்ள டப்பாவுல வச்சிருந்த மூணு பச்சை வளையலையும் எடுத்துக்கிட்டு வந்து டீக்கடை பெஞ்சு மேல வச்சேன். பதினோரு வயசுல சொன்னதையே ஒரு வார்த்தை மாத்தாமச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் என்ன அறையல. எங்க அப்பா இருந்து கேட்டிருக்கலாம்னு தோணுச்சு, அழுதுட்டேன்.

அதுக்கப்புறம் ஊருக்கும் அந்தாளுக்கும் பேச்சு அறுந்துபோச்சு. மில்லுக்கு நெல்லு வர்றது நின்னுச்சு. முடி வெட்டுற கடையில அவருக்கு நாற்காலி காலியே ஆகல. வீட்டம்மா மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, செங்கமலம் எங்கன்னு. அவரு வாயத் திறக்கல, முதலை வாய மூடல.

மாசி பொறந்த அன்னைக்கு அந்தாளு ஓட்டமா ஓடி மியூசியத்துக்குள்ள நுழைஞ்சு, காலியாக் கிடந்த முதலைப் பெட்டிக்குள்ள ஏறி, கொண்டுபோன சங்கிலியும் பூட்டும் போட்டு உள்பக்கமாப் பூட்டிக்கிட்டாரு. சும்மா சொல்லக் கூடாது, யோசிச்சுத்தான் செஞ்சிருக்காரு. அந்த முதலை எங்க வேணும்னாலும் போகும், அந்தப் பெட்டிக்குள்ள மட்டும் திரும்பக் கால் வைக்காது. அதே மாதிரிதான் ஆச்சு. அது அறை வாசல்ல குறுக்கப் படுத்துக்கிச்சு. அவரு உள்ள, அது வெளிய. லூர்து அண்ணன் வழக்கம் போலக் காலையில திறந்து சாயங்காலம் பூட்டினாரு.

மூணாவது நாள் கனகசபை என்னக் கூப்பிட்டு அனுப்பினாரு. போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு. சந்தனம் இல்ல. "வடிவு, உன் பிள்ளை சோறு போட்டுத்தான் அது எழுந்துச்சு. நீ சொன்னாப் போயிடும். போகச் சொல்லும்மா"ன்னாரு.

"எங்க அக்கா எங்க?"ன்னு கேட்டேன்.

"என் வயசுக்காவது இரக்கம் காட்டு."

"அவளுக்குப் பத்தொன்பது வயசு. நீ காட்டினியா? எங்க அக்கா எங்க?"

அன்னைக்கு சொல்லல. தெனமும் சமையல முடிச்சிட்டுப் போயி அதே கேள்விய கேட்டுட்டு வந்தேன். ஒன்பதாம் நாள், என் முகத்தப் பாக்காம, தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு. களத்துல கையப் பிடிச்சேன், கத்தினா, கத்த விடாம வாயப் பொத்தினேன், அந்த வாரம்தான் களத்துக்குப் புதுசா சிமெண்டு போட்டாங்கன்னு. இருபத்தி ரெண்டு வருஷம் எங்க ஊரு தின்ன அரிசியெல்லாம் அந்தக் களத்துல காய்ஞ்ச நெல்லு. எங்க அக்கா மேல காய்ஞ்ச நெல்லு.

தோண்டினாங்க. கிடைச்சா. அந்த எலும்பை நான்தான் துணியில வாங்கினேன், பச்சை வளையல் மூணையும் அதோட வச்சு, ஆத்தங்கரையில பன்னீர் கொள்ளி வச்சாரு. ஊரே வந்துச்சு. வந்து என்ன, அன்னைக்கு வந்திருக்கணும். முதலை மட்டும் வரல. அதுக்கு வாசல்ல வேலை இருந்துச்சு.

போலீஸ் கனகசபையக் கூட்டிட்டுப் போக வந்தப்ப அவரு பூட்டைத் திறக்க மாட்டேன்னுட்டாரு. உடைக்கலாம்னு பாத்தாங்க, உடைச்சா வாசல்ல கிடக்கிறத எப்படித் தாண்டுறது? மாஜிஸ்திரேட் அம்மா நேர்லயே வந்து பாத்துட்டு, பூட்டு இருக்கு, காவல் இருக்கு, இதவிட என்ன வேணும்னு சொல்லி, மறு உத்தரவு வரைக்கும் காவல்ல வைக்கிற இடம் இதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. ஒரு கான்ஸ்டபிளுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாங்க. அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிறதுக்குப் பசிக்காது, தூக்கம் வராது, நகமும் வளராது. முதலை அப்படித்தானே இருந்துச்சு. கனகசபையும் அப்படியே ஆயிட்டாரு. பங்குனி போயி, ஆடி போயி, ஐப்பசி மழையும் பேஞ்சு ஓஞ்சுது. ஒரு கையைப் பெட்டிச் சுவத்துல ஊனிக்கிட்டு, கண்ணு மட்டும் அசைய, அவரு பாட்டுக்கு உக்காந்திருந்தாரு.

அடுத்த காணும் பொங்கலும் வந்துச்சு. புளிச்சோறு கட்டிக்கிட்டு முதல் ஆளா நாங்கதான் போனோம். இந்தத் தடவை கபிலன் கரடிகிட்டயும் கழுகுகிட்டயும் நிக்கல, நேரா கடைசி அறைக்கு ஓடினான். வாசல்ல கிடந்த முதலைய நாங்க தாண்டிப் போனோம், வயித்துத் தையல்ல முளைச்ச நெல்லு கதிர் வச்சிருந்துச்சு. அறை முழுக்கப் பிள்ளைங்க. கண்ணாடியில மூக்க வச்சு அழுத்திக்கிட்டு, இது தூங்குதா, இது முழிச்சிருக்கான்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சுங்க.

லூர்து அண்ணன் என்கிட்ட வந்து தலையச் சொறிஞ்சாரு. "தங்கச்சி, இந்தப் பலகை பழசு. முதலைக்கு எழுதினது. நகராட்சியில மாத்தச் சொல்றாங்க. என்ன எழுதணும்னு உன்னக் கேட்டுட்டு எழுதலாம்னு இருக்கேன்."

நான் பதில் சொல்றதுக்குள்ள கபிலன் தூக்குவாளியத் திறந்துட்டான். அக்காவக் கரையேத்தியாச்சு, அவளுக்கு இனி முதல் பிடி கிடையாதுன்னு சொல்லியிருந்தேன், ஆனா கை பழகின வேலை. ஒரு பிடி அள்ளிட்டு யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரியாம நின்னான். புளிச்சோறு வாசம் கண்ணாடிக்குள்ள போயிருக்கணும். பதினோரு மாசமா அசையாத கனகசபைக்குத் தொண்டை ஏறி இறங்குச்சு. பூட்டின கதவு இடுக்குக்கிட்ட முகத்தக் கொண்டு வந்து வாயத் திறந்தாரு.

"தம்பி. ஒரு பிடி. ஒரே ஒரு பிடி குடுப்பா."

முதலை இறங்கினது எப்படின்னு அவருக்கு நல்லாத் தெரியும். எனக்கும் தெரியும். அறையில இருந்த பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். கபிலன் நல்ல பிள்ளை, பசின்னு கேட்டா இல்லன்னு சொல்லத் தெரியாது அவனுக்கு. கைய இடுக்குப் பக்கம் கொண்டு போனான்.

"யாழினி, பலகையில என்ன போட்டிருக்குன்னு தம்பிக்குப் படிச்சுக் காட்டு"ன்னேன்.

இப்ப அவ எழுத்துக் கூட்டுறதில்ல, கடகடன்னு படிப்பா. "ஆட்கொல்லி. கொள்ளிடக் கரையில் செங்கமலம் என்னும் இளம்பெண்ணைக் கொன்றது. கண்ணாடியைத் தட்டாதீர்கள். உணவு கொடுக்காதீர்கள்."

கபிலன் கைய இழுத்துக்கிட்டான். வாசலுக்குப் போயி, அந்தப் பிடிய முதலை வாயில வச்சான், அதுக்கும் யாரும் காரியம் பண்ணினதில்லயே.

"சரியாத்தானே இருக்கு லூர்து அண்ணே, ஒரு எழுத்தும் மாத்த வேணாம்"னு சொல்லிட்டு, கண்ணாடிக்கு எதிர்லயே துண்ட விரிச்சு, பிள்ளைங்கள உக்கார வச்சு, நாங்க நாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.